சீனர்களின் எதிர்ப்புக் கட்டுரைகளை மொழிபெயர்க்கும்போது

கேட்கப்பட்ட கேள்வி இது: சீன எழுத்தாளர்கள் தங்கள் சமூகத்தையும் அரசையும் விமர்சித்து எழுதிய கட்டுரைகளை ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவரலாமா? எங்கே கவனம் தேவை? அதனால் எழுதியவருக்குத் தீங்கு நேருமா?

கட்டாயம் கொண்டுவாருங்கள். சீனாவைப் பற்றி மற்றவர்கள் எழுதியதைப் படித்தே நாம் பழகிவிட்டோம். சீனர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது நம் கைக்கு அரிதாகத்தான் வருகிறது. அந்தத் ‘தங்களுக்குள்’ என்ற சொல்லைத்தான் இந்தப் பதில் முழுக்கப் பிடித்துக்கொண்டு போகப்போகிறேன். இந்தக் கட்டுரைகளில் பெரும்பாலானவை அயல்நாட்டு வாசகருக்காக எழுதப்படவில்லை. ஒரு சீனர் தன் ஊர்க்காரர்களிடம், கட்சித் தோழர்களிடம், மாணவர்களிடம், சில சமயம் ஆட்சியாளரிடமே நேராகப் பேசியவை அவை. மொழிபெயர்ப்பில் முதலில் தொலைந்துபோவது அந்தக் கேட்பவரின் முகம். வெளிநாட்டில் அச்சானதும் அதே கட்டுரை ‘சீனாவுக்கு எதிரான சாட்சியம்’ என்று மாறிவிடுகிறது. சொற்கள் சரியாக இருந்தும் கட்டுரை பொய்யாகிவிடும் இடம் அதுதான். மொழிச் சிக்கல்கள் எல்லாம் இதற்கு அடுத்தபடிதான் என்பது என் கருத்து.

நவீன சீன இலக்கியத்தின் முன்னோடியான லூ சுன்னிடமிருந்து தொடங்குகிறேன். அவரை விட்டுவிட்டுச் சீனக் கட்டுரையைப் பற்றிப் பேச முடியாது. 1926 மார்ச் 18 அன்று பெய்ஜிங்கில், வெளிநாட்டு வல்லரசுகள் விடுத்த இறுதி எச்சரிக்கையை ஏற்கக் கூடாது என்று கோரி ஊர்வலமாக வந்தவர்களை, துவான் சிருய் அரசின் அலுவலக வாசலில் காவலர்கள் சுட்டார்கள். 47 பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் லூ சுன் பாடம் நடத்திய பெண்கள் கல்லூரி மாணவி லியூ ஹெஜென். வயது 22. அன்றைய தேதியிட்ட குறிப்பிலேயே லூ சுன் எழுதினார்: மையால் எழுதிய பொய்களால் ரத்தத்தால் எழுதிய உண்மையை மறைக்க முடியாது. சில நாள் கழித்து அந்த மாணவியின் நினைவாக ஒரு கட்டுரை எழுதினார். இரங்கல் கூட்டத்துக்கு வெளியே ஒரு மாணவி அவரிடம் வந்து, “ஐயா, லியூ ஹெஜென்னைப் பற்றி ஏதாவது எழுதினீர்களா?” என்று கேட்கிறார். “இல்லை” என்கிறார். “எழுதுங்கள் ஐயா, அவளுக்கு உங்கள் கட்டுரைகள் பிடிக்கும்” என்கிறார் அந்தப் பெண். அங்கிருந்து தொடங்கும் கட்டுரை, ‘சொல்ல எனக்கு ஒன்றுமில்லை’ என்பதற்கும் ‘ஏதாவது எழுதியே ஆக வேண்டும்’ என்பதற்கும் நடுவே திரும்பத் திரும்பத் தடுமாறுகிறது. திருத்தமாக எழுத விரும்பும் மொழிபெயர்ப்பாளருக்கு அந்தத் திரும்பச் சொல்லல் உறுத்தும். ஒன்றிரண்டை வெட்டத் தோன்றும். வெட்டினால் கட்டுரை செத்துப்போகும். துக்கத்தில் இருப்பவர் ஒரே வாக்கியத்தைப் பத்து முறை சொல்வதை நாம் இழவு வீட்டில் கேட்டிருக்கிறோம். அந்த ஓசை தமிழில் இயல்பாகவே வரும், வர விடுங்கள்.

இன்னொன்று. அந்தக் கட்டுரையின் கோபம் சுட்டவர்கள் மீது மட்டும் இல்லை. மாணவர்கள் தூண்டிவிடப்பட்டுச் சாகப்போனார்கள் என்ற தொனியில் எழுதிய படித்த மனிதர்கள் மீதுதான் அது அதிகம் சுடுகிறது. அதைச் சொல்லாமல் விட்டால் ‘கொடுங்கோல் அரசு, வீர மாணவி’ என்ற எளிய கதை மட்டும் மிஞ்சும். லூ சுன்னின் ‘ட்ஸாவென்’ என்ற சிறுகட்டுரை வடிவமே இப்படிப்பட்டதுதான். ஒவ்வொன்றும் அந்த வாரத்தில் யாரோ எழுதியதற்குக் கொடுத்த பதில். எதிரே நின்றவர் யார் என்று இரண்டு வரியாவது முன்னால் எழுதாமல் அவற்றை அச்சிட்டால், வாசகருக்குப் பாதிச் சண்டைதான் கேட்கும்.

லூ சுன்னை உலகம் படித்த ஆங்கிலம் பெரும்பாலும் யாங் சியான்யி, கிளாடிஸ் யாங் தம்பதியுடையது. கணவர் ஆக்ஸ்ஃபோர்டில் படித்த சீனர். அவர் மனைவி பெய்ஜிங்கில் மிஷனரிக் குடும்பத்தில் பிறந்த ஆங்கிலப் பெண். பெய்ஜிங்கின் அயல்மொழிப் பதிப்பகத்தில், அரசின் சம்பளத்தில், அரசு தேர்ந்தெடுத்த லூ சுன்னை அவர்கள் மொழிபெயர்த்தார்கள். கலாசாரப் புரட்சியில் 1968இல் இருவரும் கைதாகி நான்கு ஆண்டுகள் தனித்தனிச் சிறைகளில் இருந்தார்கள். 1989 ஜூனில் தியானன்மென் படுகொலை நடந்ததும், எழுபது வயது கடந்த யாங் சியான்யி வெளிநாட்டு வானொலியில் அதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். லூ சுன்னின் வாக்கியங்களை வாழ்நாள் முழுக்கக் கையாண்டவர் அப்படிப் பேசியது எனக்கு வியப்பாக இல்லை. நம் பக்கம் லூ சுன் வந்ததும் ஆங்கில வழிதான். இலங்கையின் கே. கணேஷ் அவருடைய கதைகளைப் ‘போர்க்குரல்’ என்று தமிழாக்கித் தந்தார். கட்டுரையாளர் லூ சுன்னும் அதே அளவு நம்மிடையே பேசப்பட வேண்டியவர் என்று நினைக்கிறேன்.

அரசு அவரைக் கொண்டாடியது. 1937இலேயே மாவோ அவரை நவீன சீனாவின் ஞானி என்றார். ஆனால் 1942 மே மாதம், அப்போது கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையிடமாக இருந்த யெனானில், எழுத்தாளர்கள் கூட்டத்தில் பேசும்போது, லூ சுன் இருண்ட ஆட்சியின் கீழ் எழுதியதால் அவருக்குக் குத்தலும் கேலியும் தேவைப்பட்டன, புரட்சிகர எழுத்தாளருக்குச் சுதந்திரம் இருக்கும் இடத்தில் அதே பாணி கூடாது என்ற பொருளில் எச்சரித்தார். 1957இல் ஷாங்ஹாயில் நடந்த ஒரு சந்திப்பில் லுவோ ஜினான் என்பவர் மாவோவிடம் கேட்டார்: லூ சுன் இன்று உயிரோடு இருந்தால் என்ன ஆகியிருப்பார்? ஒன்று, சிறையில் இருந்துகொண்டு எழுதிக்கொண்டிருப்பார். இல்லையென்றால் நிலைமையை உணர்ந்து வாய் திறக்காமல் இருப்பார் என்று மாவோ பதில் சொன்னாராம். லூ சுன்னின் மகன் 2001இல் தன் நினைவுக் குறிப்பில் இதை எழுதியபோது பலர் நம்பவில்லை. அந்தச் சந்திப்பில் நேரில் இருந்த நடிகை ஹுவாங் சோங்யிங், தானும் அதைக் கேட்டதாகப் பிறகு உறுதிப்படுத்தினார். கேள்வி கேட்ட லுவோ ஜினான் ஒரு மொழிபெயர்ப்பாளர் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

மாவோவின் யெனான் உரைக்கு உடனடிக் காரணங்களில் ஒன்று வாங் ஷிவெய் எழுதிய ‘காட்டு அல்லிகள்’. 1942 மார்ச்சில் கட்சியின் ‘விடுதலை நாளிதழி’லேயே வந்தது. கொல்லப்படப் போவது தெரிந்து தன் உள்ளாடைகளை மேலிருந்து கீழ்வரை இறுக்கித் தைத்துக்கொண்ட ஒரு பெண் தோழரின் நினைவோடு அது தொடங்குகிறது. அங்கிருந்து யெனானில் நிலவிய ‘மூன்று வகை உடை, ஐந்து தரச் சாப்பாடு’ என்ற ஏற்றத்தாழ்வுக்கு வருகிறது. எழுதியவர் கம்யூனிஸ்ட், எழுதியது கம்யூனிஸ்ட்களுக்கு, மன்றாடியது அவர்களுடைய மனசாட்சியிடம். 1947இல் அவர் கொல்லப்பட்டார். 1991இல்தான் அவர் மீதான பழி நீக்கப்பட்டது. இதைக் ‘கம்யூனிச எதிர்ப்புக் கட்டுரை’ என்று தலைப்புக் கொடுத்து வெளியிட்டால் வாங் ஷிவெய் இரண்டாம் முறை கொல்லப்படுகிறார். ‘தோழர்களே’ என்ற விளிப்பின் சூடு தமிழ் வாசகருக்கு நன்றாகவே புரியும். அந்தச் சூட்டை அப்படியே விட்டுவைக்க வேண்டும்.

இதே குணத்துக்குப் பின்னாளில் லியூ பின்யான் என்ற பத்திரிகையாளர் ஒரு பெயர் கொடுத்தார்: இரண்டாவது வகை விசுவாசம். சொன்னதைச் செய்யும் விசுவாசம் முதல் வகை. இடித்துரைக்கும் விசுவாசம் இரண்டாவது. அவரை 1987இல் கட்சியிலிருந்து நீக்கினார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த, மிகவும் சிக்கலான உதாரணம் டெங் துவோ. ‘மக்கள் நாளிதழி’ன் தலைமை ஆசிரியராக இருந்தவர். 1961, 62இல் பெய்ஜிங் மாலை நாளிதழில் ‘யான்ஷான் மாலை உரையாடல்கள்’ என்ற தலைப்பில் ஏறக்குறைய 150 சிறுகட்டுரைகள் எழுதினார். பழைய நூல்கள், வரலாறு, மருத்துவம், வேளாண்மை என்று பார்வைக்குச் சாதுவான விஷயங்கள். மாவோவின் பெரும்பாய்ச்சல் என்ற பொருளாதாரத் திட்டமும் அதன்பின் வந்த பஞ்சமும் நாட்டை உலுக்கி முடித்த நேரம் அது. அதே காலத்தில் நண்பர்கள் வூ ஹான், லியாவ் மோஷாவுடன் சேர்ந்து இன்னொரு இதழில் எழுதியவற்றில் ஒன்று மறதி நோய்க்கு வைத்தியம் சொல்கிறது. இந்த நோய் வந்தவர் சொன்னதையே மறப்பார், கொடுத்த வாக்கை மறப்பார். அவர் பேச்சைக் குறைத்து முழு ஓய்வு எடுக்க வேண்டும் என்கிறது. யாரைச் சொல்கிறார்? வாசகர்களில் சிலர் புன்னகைத்திருப்பார்கள், சிலர் வெறும் மருத்துவக் குறிப்பாகவே படித்திருப்பார்கள். சாடை பேசுவது என்போமே, அதுதான். சீனர்கள் இதை ‘மல்பெரி மரத்தைக் காட்டி வேறு மரத்தைத் திட்டுவது’ என்பார்கள்.

1966 மே மாதம் யாவ் வென்யுவான் என்ற விமர்சகர் இந்தக் கட்டுரைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, இது இன்னாரைக் குறிக்கிறது, அது இன்ன கொள்கையைத் தாக்குகிறது என்று நீண்ட கட்டுரை எழுதினார். சில நாட்களில் டெங் துவோ தற்கொலை செய்துகொண்டார். வூ ஹான் 1969இல் காவலிலேயே இறந்தார். இப்போது மொழிபெயர்ப்பாளரின் நிலையைப் பாருங்கள். மறதி நோய்க் கட்டுரைக்குக் கீழே ‘இது மாவோவைக் குறிக்கிறது’ என்று அடிக்குறிப்புப் போட்டால், யாவ் வென்யுவான் செய்த வேலையைத்தான் நாமும் செய்கிறோம். அவர் வழக்குத் தொடுக்கச் செய்தார், நாம் பாராட்டச் செய்கிறோம். ஆனால் எழுத்தாளர் சொல்லாமல் விட்டதைச் சொன்னதாக ஆக்குவதில் வேறுபாடு இல்லை. டெங் துவோ உண்மையில் எந்த அளவுக்கு மறைபொருள் வைத்து எழுதினார் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒருமித்த கருத்து கிடையாது. அதனால் நான் பரிந்துரைக்கும் வழி: கட்டுரையை அதன் மூடிய வடிவத்திலேயே தமிழில் தாருங்கள். முன்னுரையில் அந்த ஆண்டுகளில் நாட்டில் என்ன நடந்தது, பிறகு இந்தக் கட்டுரைகளை வைத்து எழுதியவரை என்ன செய்தார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். புன்னகைப்பதா வேண்டாமா என்பதை வாசகர் முடிவு செய்துகொள்வார்.

சீனக் கட்டுரை என்றால் பெருநிலச் சீனா மட்டும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தைவானில் ராணுவச் சட்டம் 1949 முதல் 1987 வரை இருந்தது. அங்கே போ யாங் என்ற கட்டுரையாளர் ‘பாப்பாய்’ படக்கதையை மொழிபெயர்த்ததற்காகவே 1968இல் கைதானார். பாப்பாயும் மகனும் ஒரு தீவில் தனி ஆட்சி நடத்துவதாக வரும் கதை, தைவானை ஆண்ட சியாங் கை ஷெக்கையும் அவர் மகனையும் கேலி செய்வதாகக் கொள்ளப்பட்டது. ஒன்பது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டு வந்துதான் சீனப் பண்பாட்டைக் கடுமையாகச் சாடும் தன் புகழ்பெற்ற உரைகளையும் கட்டுரைகளையும் தந்தார்.

இனி, ஜனநாயகத்துக்காகக் குரல் கொடுத்த கட்டுரையாளர் லியூ சியாபோ. நீங்கள் மொழிபெயர்க்க நினைக்கும் பட்டியலில் அவர் பெயர் நிச்சயம் இருக்கும். 2008 டிசம்பரில் அரசியல் சீர்திருத்தம் கோரி 303 பேர் கையெழுத்துடன் வெளியான ‘சாசனம் 08’ வருவதற்கு இரண்டு நாள் முன்பே அவரைப் பிடித்தார்கள். 2009 டிசம்பர் 25 அன்று 11 ஆண்டுச் சிறை. குற்றம், அரசு அதிகாரத்தைக் கவிழ்க்கத் தூண்டியது. தீர்ப்பில் அந்தச் சாசனமும் அவருடைய ஆறு கட்டுரைகளும் பெயரோடு வருகின்றன. அவை எந்தத் தளங்களில் வந்தன, எத்தனை முறை திறக்கப்பட்டன என்ற கணக்குகூட இருக்கிறது. 2010இல் அமைதிக்கான நோபல் பரிசு. ஆஸ்லோவில் காலி நாற்காலி. 2017 ஜூலை 13 அன்று காவலில் இருந்தபடியே கல்லீரல் புற்றுநோயால் இறந்தார்.

இந்த வரலாறு அவருடைய எழுத்தின் மீது ஒரு திரையைப் போட்டுவிட்டது. நீதிமன்றத்துக்காக எழுதிய ‘எனக்கு எதிரிகள் இல்லை’ என்ற இறுதி வாக்குமூலத்தை உலகமே படித்தது. தீர்ப்பில் குறிப்பிடப்பட்ட கட்டுரைகளில் ஒன்று செங்கல் சூளைகளைப் பற்றியது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 2007இல் ஷான்ஷி மாகாணச் சூளைகளில் கடத்திக் கொண்டுவரப்பட்ட சிறுவர்களும் மனநலம் குன்றியவர்களும் அடிமைகளாக வேலை வாங்கப்பட்டது வெளியே தெரிந்தது. காணாமல்போன பிள்ளைகளைத் தேடி ஹெனான் மாகாணத்துத் தந்தைகள் நானூறு பேர் இணையத்தில் வேண்டுகோள் விடுத்தார்கள். இவ்வளவு நாள் இது நடக்க விட்ட அதிகாரிகளில் யார் பொறுப்பேற்றார்கள், யாருக்கு என்ன தண்டனை என்று லியூ கேட்டுக்கொண்டே போகிறார். அது ஒரு குடிமகன் தன் அரசிடம் கேட்கும் கணக்கு. ஜனநாயகம் என்ற பெரிய சொல்லைவிட அந்தக் கேள்விகள் தமிழ் வாசகரை நேராகப் போய்ச் சேரும். கொத்தடிமை என்ற சொல்லுக்கு இங்கே யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

அவரிடம் நமக்கு ஒவ்வாதவையும் உண்டு. 1988இல் ஒரு ஹாங்காங் இதழின் பேட்டியில், ஹாங்காங் இன்றைய நிலைக்கு வர நூறாண்டு காலனி ஆட்சி தேவைப்பட்டது, சீனாவுக்கு முந்நூறு ஆண்டு வேண்டும் என்றார். இராக் மீதான அமெரிக்கப் போரை ஆதரித்து எழுதினார். காலனி ஆட்சியை அனுபவித்த நாட்டின் வாசகருக்கு இது எரிச்சலூட்டும். அதற்காக மறைக்கக் கூடாது. சீன அரசு இந்த வரிகளை மட்டும் எடுத்துக்காட்டி அவரைத் துரோகி என்றது. அவரை நேசிப்பவர்கள் பலர் இவற்றை விட்டுவிட்டுப் புனிதர் ஆக்கினார்கள். இரண்டு பக்கமும் ஒரு மனிதரை வெட்டிக் குறுக்குகிறது. முழுதாகக் கொடுத்தால்தான், தன் நாட்டின் மீது வந்த ஆற்றாமையில் எல்லை மீறிப் பேசிய இளைஞர் ஒருவர், இருபது ஆண்டில் சிறைக் காவலருக்கும் நன்றி சொல்லும் இடத்துக்கு எப்படி வந்தார் என்பது தெரியும். ஆங்கிலத்தில் பெர்ரி லிங்க் முதலானோர் தொகுத்து 2012இல் ஹார்வர்டு வெளியிட்ட கட்டுரைத் திரட்டு உங்களுக்குப் பயன்படும். அதில் கவிதைகளும் உண்டு.

நடையைப் பற்றிச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சிங்ஹுவா பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் சூ ஜாங்ருன் 2018 ஜூலையில் ‘நம் இன்றைய அச்சங்களும் எதிர்பார்ப்புகளும்’ என்ற கட்டுரையை வெளியிட்டார். அதிபர் பதவிக்கால வரம்பை நீக்கியதைக் கண்டித்தார். தியானன்மென் நிகழ்வை மறுபரிசீலனை செய்யக் கோரினார். 2019 மார்ச்சில் பணியிலிருந்து நிறுத்தினார்கள். 2020 பிப்ரவரியில் கொரோனா பரவியபோது கடும் சினத்தோடு இன்னொன்று எழுதினார். ஜூலையில் ஆறு நாள் காவலில் வைத்தார்கள், வேலையும் போயிற்று. அவருடைய நடை பழஞ்சீனமும் இன்றைய சீனமும் கலந்தது. அரசவையில் மன்னனிடம் மனுக் கொடுக்கும் புலவரின் குரலை அவர் வேண்டுமென்றே எடுத்துக்கொள்கிறார். கட்சி மொழிக்கு முன்பே இந்த நாட்டுக்கு ஒரு மொழி இருந்தது, ஆட்சியாளனைக் கண்டிக்க அதில் சொற்களும் இருந்தன என்று காட்டுவதே அந்த நடையின் அரசியல். ஜெரமி பார்மே அவற்றை மிக விரிவான குறிப்புகளோடு ஆங்கிலத்தில் தந்திருக்கிறார். ஆங்கிலத்துக்கு இந்த அடுக்கைக் காட்டுவது கடினம். நமக்கு வழி இருக்கிறது: பழந்தமிழ்த் தொடர்களும் மேடைப் பேச்சும் இன்றைய உரைநடையும் ஒரே பக்கத்தில் கலந்து வருவது நமக்குப் புதிதில்லை. ஆனால் அளவு மீறினால் சூ ஜாங்ருன் நம் ஊர்ப் பட்டிமன்றப் பேச்சாளர் ஆகிவிடுவார்.

இணைய காலத்துக் கட்டுரைகளில் மறைசொற்கள் வரும். தியானன்மென் படுகொலை நாளான ஜூன் 4 என்பதை எழுத முடியாததால் மே 35 என்பார்கள். போலீஸ் அழைத்து விசாரிப்பது ‘தேநீர் குடிப்பது’. நேராக மொழிபெயர்த்து முதல் முறை மட்டும் விளக்கினால் போதும். நாவலாசிரியர் யூ ஹுவா ஒரு கட்டுரையில், சீனாவுக்குள் வெளியிட்ட தன் நாவலை மே 35 முறையில் எழுதியது என்றும், சீனாவைப் பத்துச் சொற்களில் விளக்கும் தன் கட்டுரை நூலை ஜூன் 4 முறையில் எழுதியது என்றும் பிரித்துக் காட்டுகிறார். அந்தக் கட்டுரை நூல் பெருநிலத்தில் வெளிவரவில்லை. சுற்றி வளைப்பதை ஒரு கலையாகவே வளர்த்தெடுத்தவர்கள் அவர்கள்.

எழுதியவருக்குத் தீங்கு வருமா என்ற கேள்விக்கு வருகிறேன். வரும். ஃபாங் ஃபாங்குக்கு வந்தது. வூஹான் 2020 ஜனவரி 23 அன்று பூட்டப்பட்டது. முன்பு ஹூபெய் எழுத்தாளர் சங்கத் தலைவராக இருந்த அவர் இரண்டு நாள் கழித்து இணையத்தில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கி, அறுபது பதிவுகள் எழுதினார். கோடிக்கணக்கான சீனர்கள் நள்ளிரவில் விழித்திருந்து படித்தார்கள். காலத்தின் ஒரு தூசி தனி மனிதர் தலையில் விழும்போது மலையாகிவிடுகிறது என்ற அவருடைய வரி நாடெங்கும் பரவியது. ஏப்ரல் தொடக்கத்தில் மைக்கேல் பெர்ரியின் ஆங்கில மொழிபெயர்ப்பு வரப்போகிறது என்ற அறிவிப்பு வெளியானதும் காற்று திசைமாறியது. வெளிநாட்டானிடம் கத்தியை எடுத்துக் கொடுக்கிறாள் என்று திட்டினார்கள். மொழிபெயர்ப்பாளருக்கும் கொலை மிரட்டல்கள் வந்தன. இதில் பதிப்பகத்தின் பங்கும் உண்டு. நோய் பிறந்த மையத்திலிருந்து வரும் செய்தி என்ற பொருளில் முதலில் வைத்திருந்த துணைத்தலைப்பு, எதிர்ப்பு கிளம்பிய பிறகு தனிமைப்படுத்தப்பட்ட நகரத்திலிருந்து வரும் செய்தி என்று மாற்றப்பட்டது. உள்ளே இருந்த பக்கங்களோ அண்டை வீட்டார், காய்கறி வாங்குவது, இறந்துபோன மருத்துவர்கள், உள்ளூர் அதிகாரிகள் பொறுப்பேற்க வேண்டும் என்ற விடாத கோரிக்கை ஆகியவற்றைப் பற்றியவை. நாட்குறிப்பு நாட்குறிப்பாகவே இருந்தது. அட்டைதான் யாரிடம் பேசுகிறது என்பதை மாற்றியது. தலைப்பையும் பின்னட்டையையும் பதிப்பாளர் எழுதட்டும் என்று விட்டுவிடாதீர்கள். அந்த இரண்டு வரிக்காகச் சண்டை போடுங்கள்.

சீனாவின் முஸ்லிம் சிறுபான்மையினரான உய்குர்களில் ஒருவர், பொருளியலாளர் இல்ஹாம் தோதி. அவர் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. அவர் பெய்ஜிங்கில் கற்பித்தார், சீன மொழியில் எழுதினார், 2006இல் பெரும்பான்மை இனமான ஹான் சீனரும் உய்குர்களும் பேசிக்கொள்ள ஓர் இணையதளம் தொடங்கினார். பிரிவினை அவருடைய கோரிக்கை இல்லை. சீன அரசமைப்பு எழுத்தில் தந்த தன்னாட்சியை நடைமுறையில் கேட்டார். 2014 செப்டம்பரில் ஆயுள் தண்டனை. வகுப்பில் பேசியதும் வெளிநாட்டு ஊடகங்களுக்குப் பேசியதும் சான்றுகளாக வைக்கப்பட்டன. திபெத்திய எழுத்தாளரான வோசெரும் சீன மொழியில்தான் எழுதுகிறார். இவர்கள் ஏன் அந்த மொழியில் எழுதினார்கள் என்பதை முன்னுரையில் சொல்லாவிட்டால், ஹான் சீனரின் மனத்தைத் தொட முயன்ற அவர்களுடைய பல ஆண்டு உழைப்பு கண்ணுக்கே தெரியாமல் போகும்.

ஆங்கிலம் வழியாக மொழிபெயர்ப்பதில் குற்றமில்லை, சில காவல்கள் வைத்துக்கொண்டால். செய்தித்தாள்களில் வரும் ஆங்கில வடிவங்கள் இடம் கருதிச் சுருக்கப்பட்டிருக்கும். அவற்றை மூலமாக எடுக்க வேண்டாம். மூலத்தின் சீன வடிவம் பெரும்பாலும் இணையத்தில் கிடைக்கும். சீனம் தெரியாவிட்டாலும் பத்திகளை எண்ணி ஒப்பிடலாம், எங்கே வெட்டு விழுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். இரண்டு ஆங்கில வடிவங்கள் இருந்தால் இரண்டையும் வாங்குங்கள். அவை மாறுபடும் இடங்களை மட்டும் சீனம் தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள். நம்மிடையே நேரடியாகச் சீனத்திலிருந்து மொழிபெயர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பண்டைச் சீனக் கவிதைத் தொகை, பயணி என்ற மொழிபெயர்ப்பாளர் வழியாகத் தமிழுக்கு நேராகவே வந்தது. பெயர்களை ஆங்கில எழுத்தைப் பார்த்து எழுதாமல், ஒலியைக் கேட்டு எழுதுங்கள். குடும்பப் பெயர் முதலில் வரும் என்பதையும் மறக்க வேண்டாம்: லியூ சியாபோவைச் சுருக்கிச் சொல்லும்போது அவர் லியூ. சியாபோ என்று எழுதுவது வீட்டார் கூப்பிடுவது போலாகும்.

லூ சுன் 1936இல் இறந்தவர், மூலத்துக்குப் பதிப்புரிமைத் தடை இல்லை. ஆங்கில வடிவத்துக்கு இருக்கலாம், விசாரியுங்கள். உயிரோடு இருப்பவர்களிடம் அனுமதி கேளுங்கள். சீனாவுக்குள் இருப்பவரானால் நேரடியாகக் கடிதம் எழுதுவதே அவருக்குத் தொல்லையாகலாம். ஆங்கில மொழிபெயர்ப்பாளர் அல்லது வெளிநாட்டிலிருக்கும் முகவர் வழியாகக் கேட்பது நல்லது. ‘வேண்டாம்’ என்று பதில் வந்தால், எவ்வளவு நல்ல கட்டுரையானாலும் விட்டுவிடுங்கள். கேட்கவே முடியாதவர்களும் இருக்கிறார்கள். அதிபரைப் பதவி விலகச் சொல்லி 2020 பிப்ரவரியில் பகிரங்கக் கடிதம் எழுதிய சூ ஜியோங்குக்கு 2023 ஏப்ரலில் 14 ஆண்டுத் தண்டனை விதித்தார்கள். இப்படிப்பட்டவர்களின் எழுத்தில், அவர்களே பெயரிட்டு வெளியிட்டதை மட்டும் எடுங்கள். தனிக் கடிதங்களையும் நண்பர்கள் கசியவிட்ட குறிப்புகளையும் தொட வேண்டாம். கட்டுரையில் வரும் மற்றவர்களின் பெயர்களை, குறிப்பாக இன்னும் அங்கே வேலையில் இருக்கும் மாணவர்கள், உறவினர்கள் பெயர்களை, எழுத்தாளரே அச்சில் வெளியிட்டிருந்தால் ஒழிய நீங்கள் அடிக்குறிப்பில் கூட்டிச் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு கட்டுரையின் மேலும் எழுதிய தேதி, முதலில் வெளியான இடம், அப்போது அவர் இருந்த நிலை ஆகிய மூன்றையும் ஒரு வரியில் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.